வாகமண் கூடுகைக்கு எதில் போவது: சொந்த வேனா, வாடகைக் கேரவனா, காரும் கூடாரமுமா?

சின்னமனூரிலிருந்து தெரிந்த தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். "அண்ணே, பொங்கல் கழிச்சு வாகமண் பக்கம் வேன்காரங்க எல்லாம் கூடுறாங்கன்னு சொன்னீங்கள்ல, நாங்களும் வரலாம்னு இருக்கோம். வேன் ஒண்ணு கட்டிக்கிட்டு வரவா, வாடகைக்கு எடுக்கவா, சும்மா கார்லயே வந்துரவா?" பத்து நிமிடம் பேசிப் பார்த்தேன், சொல்லி முடியவில்லை. மூன்று வருஷத்தில் இந்த மூன்று விதமாகவும் போய் வந்தவன் நான். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கேரளத்து இடுக்கி மலையில், ஏலப்பாறைக்கும் வாகமணுக்கும் நடுவில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு புல்மேடு. நிலத்துக்காரர் அனுமதியோடு பத்துப் பதினைந்து வண்டிகள் அங்கே மூன்று நாள் நிற்கும். தேனி, மதுரை, திண்டுக்கல் ஆட்கள் பாதி; கோட்டயம், எர்ணாகுளம் ஆட்கள் மீதி. மேடை கிடையாது, நிகழ்ச்சி நிரல் கிடையாது. சேர்ந்து சமைப்பது, ஒருவர் வண்டிக்குள் இன்னொருவர் புகுந்து அலமாரிக் கொக்கி முதல் வயரிங் வரை பார்ப்பது, இருட்டிய பிறகு போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசுவது. இவ்வளவுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட கூடுகைக்குப் போகும்போது வண்டிக்குள் எத்தனை வசதி என்பது இரண்டாவது கணக்கு. மலையில் அதை நாமே நிதானமாக ஓட்டிப் போய், மற்ற வண்டிகளோடு வரிசையில் நிறுத்தி, வாசலில் நாலு பேரை உட்கார வைக்க முடிகிறதா என்பதுதான் முதல் கணக்கு. குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். நான் கூடுகையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இந்தப் பழக்கம் வேர்விட்ட அமெரிக்காவிலும் அது வண்டிக்கு வெளியில்தான் தொடங்கியிருக்கிறது. 1919 இல் புளோரிடா மாநிலம் டாம்பா நகரத்துப் பூங்கா ஒன்றில் கூடாரத்தோடு வந்து தங்கிய கார்க்காரர்கள் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். ரேடியேட்டர் மூடியில் பற்றவைத்த ஒரு தகர டப்பாதான் அவர்களுக்கு அடையாளம். வழியில் அதைப் பார்த்தால் நம்ம ஆள் என்று தெரிந்துவிடும். பிறகு 1963 ஜூலை 20 அன்று, மெயின் மாநிலத்தில் ஹிங்க்லி என்ற சிற்றூரின் பள்ளி வளாகத்தில், முழுச் சூரிய கிரகணம் பார்ப்பதற்காக 26 குடும்பங்கள் தங்கள் மோட்டார் வீடுகளோடு வந்து சேர்ந்தன. பின்னாளில் பெரிதாக வளர்ந்த 'ஃபேமிலி மோட்டார் கோச் அசோசியேஷன்' அந்த இடத்தில் பிறந்ததுதான். அந்த 26 வண்டிகளுக்குள் என்னென்ன இருந்தன என்று நான் யோசிப்பதில்லை. எல்லோரும் கீழே இறங்கி, பக்கத்து வண்டிக்காரரின் தோளோடு தோளாக நின்று அண்ணாந்து பார்த்திருப்பார்களே, அதுதான் என் கண்ணுக்குள் நிற்கிறது.

முதல் வருஷம்: வாடகைக் கேரவன்

அம்மாவுக்கு முழங்கால் வலி, சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின். குளிர்பெட்டி வேண்டும், வண்டிக்குள்ளேயே கழிப்பறை வேண்டும் என்று கணக்குப் போட்டு, டிரைவரோடு ஒரு பெரிய கேரவனை மூன்று நாளைக்குப் பிடித்தோம்.

கேரளத்தில் இதற்குத் தோதாகக் கொஞ்சம் ஏற்பாடுகள் நடந்திருக்கின்றன. 2021 இல் 'கேரவன் கேரளா' என்ற பெயரில் அந்த மாநிலச் சுற்றுலாத் துறை ஒரு கொள்கையைக் கொண்டுவந்தது. இரண்டு பேர் தங்குகிற வண்டி, நான்கு பேர் தங்குகிற வண்டி என்று இரண்டு வகை. படுக்கை, சிறு சமையலிடம், குளிர்பெட்டி, கழிப்பறை, டிரைவர் பகுதிக்குத் தனித் தடுப்பு என்று வரையறை வைத்தார்கள். வண்டிகள் நிற்கும் பூங்காவுக்கு 50 சென்ட் நிலமாவது வேண்டும், ஐந்து வண்டியாவது நிற்க இடம் வேண்டும் என்றார்கள். மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா 2022 இல் வாகமணில்தான் திறந்தார்கள். பூங்காவுக்குள் போய் நிற்பதாக இருந்தால் மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றுக்கும் வழி உண்டு. அப்படித் தங்க விரும்புகிறவர்களுக்கு வாடகைக் கேரவனைத் தயங்காமல் சொல்வேன்.

நாங்கள் போன இடம் பூங்கா இல்லை. தார்ச் சாலையிலிருந்து புல்மேட்டுக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு சின்னப் பாலம், அதை ஒட்டியே வலதுபக்கம் ஒரு ஒடிப்பு. மற்ற வேன்கள் ஒரே மூச்சில் திரும்பிப் போன அந்த ஒடிப்பில் எங்கள் வண்டியின் நீளம் வளையவில்லை. டிரைவர் இறங்கிப் பார்த்தார், தலையை ஆட்டினார். கடைசியில் முன்னூறு மீட்டர் தள்ளி, சாலை ஓரத்தில் கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் நிறுத்தினோம். மூன்று நாளும் அங்கேதான். அம்மா டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, என் தோளைப் பற்றிக்கொண்டு அந்த மேட்டில் ஏறி இறங்கினார். எந்த முழங்காலுக்காக அந்த வண்டியை எடுத்தோமோ அந்த முழங்கால்தான் அதிகம் நடந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம், "ஏய்யா, அங்கன எல்லாரும் சேந்து இருக்காக, நாம மட்டும் ரோட்டுல கெடக்கமே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு குளிர்பெட்டியும் மெத்தையும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. வாடகை வண்டி நம் வண்டி இல்லை. கோட்டயத்துக்காரர் ஒருவர் வந்து, பேட்டரி எங்கே வைத்திருக்கிறது, இன்வெர்ட்டர் எவ்வளவு என்று ஆசையாகக் கேட்டார். எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அங்கே வருகிறவர்களுக்கு இதுதான் பேச்சு. கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு மாப்பிள்ளை பெயர் தெரியாமல் நிற்கிற மாதிரி இருந்தது.

டிரைவர் நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு இது டூட்டி. மூன்றாம் நாள் பன்னிரண்டு மணிக்கு வண்டியை ஒப்படைக்க வேண்டும் என்பதால் காலையிலேயே கிளப்பிவிட்டார். எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற கடைசி மதியச் சாப்பாடு எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

வாடகைக்கு எடுப்பதானால் இரண்டு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். வண்டியின் முழு நீளம் எத்தனை அடி என்று கேட்டு, நிற்கப்போகிற இடத்துக்காரரிடம் அந்த அளவைச் சொல்லி, திரும்புமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டாவது, பர்மிட். வாடகைக்கு ஓடுகிற வண்டி அதற்கான பதிவோடும், கேரளத்துக்குள் போகிற அனுமதியோடும் இருக்க வேண்டும். தெரிந்தவருடைய சொந்த உபயோக வண்டியைக் காசு கொடுத்து எடுத்துப் போனால், விபத்து என்று வரும்போது இன்சூரன்ஸ் கை கொடுக்காது.

இரண்டாம் வருஷம்: காரில் போய், ராத்திரிக்கு அறை

போன சூட்டில் அடுத்த வருஷம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கள் காரிலேயே போனோம். ராத்திரிக்கு வாகமணில் ஒரு அறை. செலவு மூன்றில் ஒரு பங்கு ஆகியிருக்கும். மலை ஏறுவதும் சுலபம், நிறுத்துவதும் சுலபம். பகல் முழுக்க எல்லோரோடும் இருந்தோம். அம்மாவுக்கு வெந்நீர்க் குளியல் கிடைத்தது.

ஆனால் கூடுகையில் பேச்சு சூடுபிடிப்பதே ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான். பாத்திரம் கழுவி, பிள்ளைகள் தூங்கி, ஒவ்வொருவராக நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்காருகிற நேரம். அந்த நேரத்தில் நாங்கள் கிளம்ப வேண்டும். வாகமண் பனியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு பத்தடியில் மறைந்துவிடும். ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர் மாதிரி முகத்தில் அறையும். லோ பீமில், ஓரக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நகர வேண்டும். ஏழெட்டு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டாம் நாள் ராத்திரி எட்டு மணிக்கே எழுந்து வந்துவிட்டோம்.

அறைக்குப் பதில் கூடாரம் போட்டுக்கொண்ட மதுரைப் பையன்கள் நாலு பேர் அந்த வருஷம் வந்திருந்தார்கள். அவர்கள் கடைசி வரை இருந்தார்கள், அவர்களுக்குத்தான் எல்லோருடைய பெயரும் தெரிந்தது. ஜனவரியில் மழைத் தொல்லை குறைவு, பனிதான். விடிகாலையில் கூடாரத் துணியில் விரலால் கோடு போட்டால் தண்ணீர் வழியும். தரையில் ஒரு தார்ப்பாய், அதற்கு மேல் நுரைப்பாய், பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிருக்குத் தாங்குகிற தூங்குபை, இவை இருந்தால் இளவட்டங்களுக்கு ஒரு குறையும் இல்லை. காரின் கூரைமேல் விரிக்கிற கூடாரமும் ஒருவர் கொண்டுவந்திருந்தார். ஈரம் படாது, ஐந்து நிமிடத்தில் விரித்துவிடலாம். ஏணியில் ஏறி இறங்க முடிகிறவர்களுக்கு அது. ராத்திரி இரண்டு முறை எழுந்திருக்கிற அம்மாவுக்கு அது ஆகாது.

மூன்றாம் வருஷம்: எங்கள் வேன்

ஒரு எஸ்டேட்டில் ஓடிய பழைய வேன். பதினெட்டு அடிக்குள் நீளம். சீட்டுக்கு அடியில் ஏலக்காய் மூட்டை போட்டு ஓட்டியிருப்பார்கள் போல. இப்போதும் வெயில் ஏறினால் தரைப்பலகைக்கு அடியிலிருந்து லேசாக ஏலக்காய் வாசம் வரும். அதை வாங்கி, எங்கள் ஊரான கம்பத்திலேயே ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஐந்து மாதம் போட்டுக் கட்டினோம். இரண்டு பக்கமும் நீள இருக்கை, நடுவில் பலகையைப் போட்டால் படுக்கை. பின்கதவைத் திறந்தால் அடுப்புப் பலகை வெளியே வரும், அதாவது சமையல் வெளியில்தான். திரைச்சீலைக்குப் பின்னால் 20 லிட்டர் கையடக்கக் கழிப்பறை. பக்கவாட்டில் இழுத்துக் கட்டுகிற ஒரு தார்ப்பாய்ப் பந்தல். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. அந்தப் பந்தலுக்கு அடியில் பன்னிரண்டு பேர் உட்காரலாம்.

கட்டுவதற்கு முன் காகித வேலையை முடித்துவிடுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். மாற்றியது ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றில் ஏற வேண்டும், ஆர்.சி.யில் உள்ளபடி இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். எல்லை தாண்டினால் கேரளத்து மோட்டார் வாகனத் துறை மாற்றம் செய்த வண்டிகளைக் கூர்ந்துதான் பார்க்கும். லைசென்ஸ் பற்றிப் பலருக்குச் சந்தேகம் இருக்கிறது: 7,500 கிலோ மொத்த எடைக்குள் இருக்கிற வண்டிக்கு எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் போதும், வாடகை வண்டிகளுக்கும் அதே என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

மின்சாரத்தில் ஆசைப்பட்டுப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் அதிகம், அதனால் இந்தக் கணக்கை மட்டும் சொல்கிறேன். 12 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் சாதா ஈய பேட்டரி ஒன்றில் 1,200 வாட்-மணி இருக்கும், ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு போய்விடும். ஆகக் கையில் வருவது 600. அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1,000 வரை தைரியமாக எடுக்கலாம். 45 வாட் சின்னக் கம்ப்ரெஸர் குளிர்பெட்டி பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 540. ஆக ஈய பேட்டரியில் ஒரு நாள், லித்தியத்தில் கிட்டத்தட்ட இரண்டு நாள். ஒரு டன் ஏசி ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும், ஒரு மணி நேரத்தில் பேட்டரி காலி. ஜனவரி வாகமணில் ஏசிக்கு என்ன வேலை? கூரையில் சோலார் தகடு இருந்தாலும் பத்து மணி வரை பனி மூடியிருக்கிற ஊரில் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

அம்மாவின் இன்சுலினுக்காகத்தானே முதல் வருஷம் அவ்வளவு பெரிய வண்டியை எடுத்தோம்? பிறகு டாக்டரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது: பிரிக்காத இன்சுலினுக்குத்தான் 2 முதல் 8 டிகிரி வேண்டும். பயன்பாட்டில் இருக்கிற இன்சுலின் பேனாவை முப்பது டிகிரிக்குக் கீழே, வெயில் படாமல் வைத்தால் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். மூன்று நாள் குளிர்ப் பிரதேசப் பயணத்துக்கு ஒரு பேனா, கையிருப்புக்கு ஒரு சின்ன ஐஸ்பெட்டி, போதும். உங்கள் வீட்டு மருந்துக்கு உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த வருஷம் அம்மா அவ்வளவு நடந்திருக்க வேண்டாம்.

மலை

வண்டியைத் தீர்மானிப்பது கடைசியில் மலைதான். கம்பத்திலிருந்து வாகமண் போக இரண்டு ஏற்றம். ஒன்று கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளி. அங்கிருந்து வண்டிப்பெரியாறு, பீர்மேடு, குட்டிக்கானம், ஏலப்பாறை. இன்னொன்று கம்பம் மெட்டு ஏறி, புளியன்மலை, கட்டப்பனை, ஏலப்பாறை. எப்படிப் போனாலும் ஏலப்பாறையில் சேருவோம்.

கம்பம் மெட்டுப் பாதை தினமும் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளின் பாதை. விடிகாலையிலும் சாயங்காலத்திலும் அந்த ஜீப்புகள் வருகிற வேகத்தில் பெரிய வண்டி ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கும். காருக்கும் எங்கள் வேனுக்கும் பரவாயில்லை. வாடகைக் கேரவன் அளவுக்கு நான் சொல்ல மாட்டேன். குமுளிப் பாதை தேசிய நெடுஞ்சாலை, பேருந்துகளும் லாரிகளும் ஓடுகிற சாலை, வளைவுகளில் கொஞ்சம் அகலம் உண்டு. இரைச்சல் பாலத்தின் பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்கும், மேலிருந்து மின் நிலையத்துக்கு இறங்குகிற ராட்சசக் குழாய்கள் தெரியும். 1895 இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர்தான் அது. எங்கள் பள்ளத்தாக்குக்கு நெல்லும் பன்னீர் திராட்சையும் கொடுக்கிற தண்ணீர்.

தேதி பார்ப்பது இங்கே முக்கியம். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன் சீசன் நெரிசலில் சபரிமலைக்குப் போகிற வண்டிகளைக் கம்பம் மெட்டு வழியாக ஏற்றிவிட்டு, திரும்பி வருவதைக் குமுளி வழியாக இறக்குவார்கள். அந்த நாட்களில் நாம் நினைத்த பாதையில் ஏற முடியாது. அதனால்தான் கூடுகையை மகரஜோதி முடிந்து, நடை சாத்திய பிறகு வைத்துக்கொள்கிறார்கள். மழைக்காலம் இன்னும் மோசம். எச்சரிக்கை விட்ட நாட்களில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் மலைச் சாலைகளில் இரவுப் பயணத்தையே நிறுத்திவிடும்.

ஏற்றத்தைவிட இறக்கத்துக்குப் பயப்படுங்கள். 2022 டிசம்பரில் சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து ஐயப்ப பக்தர்கள் எட்டுப் பேர் குமுளி மலைப்பாதை இறக்கத்தில்தான் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதை யாரும் மறக்கவில்லை. வேனைக் கட்டி முடித்ததும் எங்கள் மெக்கானிக் சாவியைக் கையில் கொடுக்காமல் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, லோயர் கேம்பிலிருந்து குமுளி வரை ஒரு தடவை ஏறி இறங்க வைத்தார். "அண்ணே, ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வரக்கூடாது. மிதிச்சு, வேகத்தைக் குறைச்சு, விட்டுரணும். எஞ்சின்தான் வண்டியப் பிடிக்கணும்." நடுவில் ஒரு இடத்தில் ஓரம் கட்டச் சொல்லி, இறங்கி, முன் சக்கரத்துப் பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்தார். என்னையும் முகரச் சொன்னார். கருகின நகம் மாதிரி ஒரு வாசம் லேசாக. "இது வந்துச்சுன்னா நிப்பாட்டிறணும்ண்ணே. தண்ணிய ஊத்தக் கூடாது, டிரம்மு வெடிச்சுரும். அரை மணி நேரம் டீ குடிங்க." நியூட்ரலில் உருட்டுவதும், டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைப்பதும் உயிருக்கு உலை; எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்கு உதவி செய்கிற பூஸ்டரும் நின்று போகும், மிதி கல் மாதிரி ஆகிவிடும். குறுகலான இடத்தில் எதிரே வண்டி வந்தால் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும்.

எடையும் இதில் சேர்ந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கேரவனில் 120 லிட்டர் தொட்டி என்றால் கூடுதலாக இரண்டு ஆளை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறோம் என்று அர்த்தம். தடுப்புப் பலகை இல்லாத தொட்டியில் தண்ணீர் பாதி இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் அது ஒரு பக்கமாகப் புரளும், வண்டியின் முதுகில் யாரோ இடம் மாறி உட்காருகிற மாதிரி இருக்கும். நாங்கள் தொட்டியே வைக்கவில்லை. 20 லிட்டர் கேன் மூன்று. காலியாக ஏற்றி, ஏலப்பாறையில் நிரப்பிக்கொள்வோம். சின்னச் சின்ன பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். கேரள உயர் நீதிமன்ற உத்தரவால் 2025 அக்டோபர் 2 முதல் வாகமண், தேக்கடி, மூணாறு போன்ற மலை ஊர்களில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. டீசலை மட்டும் கம்பத்திலேயே நிரப்புங்கள், கேரளத்தில் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல்.

வேறு திசையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வரி. கோவை ஆட்கள் வாளையார் தாண்டிப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலையே ஏறாமல் கேரளத்துக்குள் வந்துவிடலாம், கடைசியில் ஈராட்டுப்பேட்டையிலிருந்து வாகமண் ஏறுகிற செங்குத்து மட்டும் உண்டு. தென்காசி ஆட்களுக்குச் செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை. போடி மெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள் மூணாறு போகிறவர்களுக்குச் சரி, வாகமணுக்குச் சுற்று.

கழிவு, நெருப்பு

இதை எழுதாமல் விட மனசு வரவில்லை. வாகமண் குன்றுகளில் ஊறுகிற தண்ணீர்தான் மீனச்சிலாறாகிப் பாலா, கோட்டயம் வழியாகப் போகிறது. கழிப்பறைப் பெட்டியை ஓடையில் கொட்டினால் கீழே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நிலத்துக்காரர் வீட்டுச் செப்டிக் தொட்டியில் கொட்டிக்கொள்ள முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறோம். அதனால் தொட்டியில் கழிவை மக்க வைக்கிற கிருமிகளைக் கொல்லுகிற ஃபார்மால்டிஹைடு மருந்தைப் பெட்டியில் போடுவதில்லை. வாடகைக் கேரவனில் இந்த வேலையை யார் செய்வது என்று எடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது மூன்றாம் நாள் காலையில் சண்டையாக வந்தது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் வைக்கிற இடத்தில் தரைமட்டத்தில் ஓட்டை இருக்க வேண்டும், ஜன்னல் மட்டும் போதாது. குளிருக்குக் கரி அடுப்பை வண்டிக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது, ஜெனரேட்டரை ஜன்னலுக்கு அடியில் ஓடவிடுவது, இரண்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. இரண்டாம் வருஷம் ஒரு பெரியவர் கணப்புச் சட்டியை உள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தியதைக் கோட்டயத்து அம்மா ஒருவர் பார்த்து, கதவைத் தட்டி வெளியே எடுக்க வைத்தார். அன்றைக்குக் காரில் சீக்கிரம் கிளம்பிப் போன எனக்கு இது மறுநாள்தான் தெரியும்.

ஆக, எது?

பணக் கணக்கு இப்படி. சொந்த வேன் நிற்கும்போதும் தின்னும். வரி, இன்சூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று), ஓடாமல் கிடந்து இறங்குகிற பேட்டரி. வருஷத்துக்குப் பத்து ராத்திரியாவது அதில் தூங்குவீர்கள் என்றால் கட்டுங்கள். இல்லை, வருஷத்துக்கு ஒரு கூடுகை மட்டும்தான் என்றால் கட்ட வேண்டாம்.

நடக்கவே முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்து, நிற்கிற இடம் கேரவன் பூங்காவாகவோ, பெரிய வண்டி திரும்புகிற மைதானமாகவோ இருந்தால் வாடகைக் கேரவன். வேறு எந்தக் காரணத்துக்கும் கூடுகைக்கு அதைச் சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளைகளோடு முதல் முறை வருகிறவர்கள் காரில் வந்து கூடாரம் போடுங்கள். அறை எடுக்காதீர்கள், எடுத்தால் பாதிக் கூடுகை போய்விடும். ஒரு முறை வந்து, பதினைந்து வண்டிக்குள் புகுந்து பார்த்த பிறகு கட்டுகிற வேன், படம் பார்த்துக் கட்டுகிற வேனைவிட நன்றாக வரும். எங்கள் வேனில் பின்கதவுச் சமையல் பலகை கோட்டயத்துக்காரர் வண்டியில் பார்த்தது. தார்ப்பாய்ப் பந்தலை ஒரு மதுரைக்காரர் சொல்லிக் கொடுத்தார். அம்மா ஏறுவதற்கு வாசலில் போட்டிருக்கிற அகலமான இரண்டு படி மட்டும் எங்கள் யோசனை. போன வருஷம் அந்தப் படியில் அம்மா உட்கார்ந்து பூண்டு உரித்தார், அதற்குள் ஆறேழு பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் வராது, அம்மாவுக்கு மலையாளம் வராது. பூண்டு உரிக்கிறதுக்கு அது ஒன்றும் தடையாக இல்லை.

இந்த வருஷமும் வேன்தான். வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குக் கம்பத்தில் கிளம்பி, தோட்டத்து ஜீப்புகள் போன பிறகு குமுளி வழி ஏற்றம். திரும்பும்போதும் குமுளி, இரண்டாம் கியர், வெளிச்சம் இருக்கும்போதே.

தம்பியிடம் நேற்று இதைப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, கார்லயே வந்து கூடாரம் போட்டுக்கிறோம் என்றார். அடுப்பு, பாத்திரம், கேஸ் எல்லாம் எடுத்துக்கிட்டு வரணுமா அண்ணே என்று கேட்டார். "அதெல்லாம் வேணாம் தம்பி. உங்களுக்கு நாலு தட்டு, நாலு டம்ளர், நாலு நாற்காலி. நாற்காலியை மறந்துராதீங்க."